பகாங் பெயர் தாங்கிய புழு

தோட்டங்களின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் ஏக்கர்க் கணக்கையும் விளைச்சல் கணக்கையுமே எழுதினர். எத்தனை மலைச்சரிவுகள் திருத்தப்பட்டன, எத்தனை இராத்தல் தேயிலை ஏற்றுமதியாயிற்று, எந்த ஆண்டில் எந்தத் துரை பொறுப்பேற்றார் என்பனவெல்லாம் ஏடுகளில் உள. அந்தச் சரிவுகளைத் திருத்திய மனிதனின் குருதியில் எவ்வளவு வலிமை எஞ்சியிருந்தது? அவனுடைய குழந்தை ஏன் வகுப்பறையில் சோர்ந்து சாய்ந்தது? இவ்வினாக்களுக்கு விடை வேண்டுவோர் மருத்துவ அறிக்கைகளைத்தான் புரட்ட வேண்டியுள்ளது. அவ்வாறு புரட்டுங்கால் நாம் காணும் வரலாறு, புழுவுக்கும் மனிதனுக்கும் இடையே நிகழ்ந்த நெடும் போராட்டத்தின் வரலாறாகும். அதன் ஒரு திருப்பத்தில் நமது பகாங் மாநிலத்தின் பெயர் உலக மருத்துவ ஏடுகளில் இடம்பெற்றுள்ளது. தமிழாசிரியரும் மாணவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இஃது என்பதால் இங்கு விரித்துரைக்க முற்படுகின்றேன்.

மலைக்கு வந்த மக்கள்

1885-ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் பகாங் மலைத்தொடரில் கண்ட மேட்டுநிலமே இன்று அவர் பெயரால் வழங்கும் கேமரன் மலையாகும். நாற்பதாண்டுகள் அஃது ஏறக்குறைய மறக்கப்பட்டே கிடந்தது. 1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் அங்குச் சென்று வந்தபின், தாப்பாவிலிருந்து மலைக்குச் சாலை அமைக்கும் பணி தொடங்கிற்று. 1929-இல் ஜே. ஏ. ரசல் என்பார் 'போ' தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். 1933-இல் பாரத் தேயிலைத் தோட்டம் தோன்றியது. காடு வெட்டவும், சரிவுகளில் கன்று நடவும், பின்னர் கொழுந்து பறிக்கவும் தேவைப்பட்ட கைகளுள் பெரும்பாலானவை தமிழர் கைகளே.

அம்மக்கள் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறிப் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறங்கியோர். அல்லது அவர்களின் வழிவந்தோர். பலர் முதலில் கீழ்நாட்டு ரப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டிப் பின்னர் மலையேறினர். கங்காணி முறையில் ஆள் சேர்த்தல் 1938-இல் இந்திய அரசு விதித்த தடையோடு முடிவுற்றது. ஆயின் அதற்குள் தோட்டத்து லயன்களில் ஒரு சமுதாயமே வேரூன்றிவிட்டது. அச்சமுதாயம் தன் மூட்டை முடிச்சுகளோடு கண்ணுக்குப் புலனாகாத வேறொன்றையும் சுமந்து வந்தது. அதுவே குடற்புழு.

சோம்பல் என்னும் பழி

குடற்புழுக்களுள் கொடியது கொக்கிப்புழு. ஒரு சென்டிமீட்டர் நீளமேயுள்ள அது குடற்சுவரைக் கவ்விக்கொண்டு குருதியை உறிஞ்சும். ஒரு புழு நாளொன்றுக்கு உறிஞ்சுவது ஒரு துளிக்கும் குறைவாக இருக்கலாம். ஆனால் நூறு புழுக்கள், ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டு எனக் கணக்கிட்டுப் பாருங்கள். உண்ணும் சோற்றில் இரும்புச்சத்துக் குறைந்த ஏழைத் தொழிலாளியால் அவ்விழப்பை ஈடுசெய்ய இயலாது. முகம் வெளுக்கும், கால் வீங்கும், மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கும், குழந்தையாயின் வளர்ச்சி குன்றும்.

இப்புழுவை 1838-இல் இத்தாலிய நாட்டு மிலான் நகரில் ஏஞ்சலோ டுபினி என்னும் மருத்துவர் முதன்முதலில் கண்டறிந்தார். அது வாய்வழியாக மட்டுமே உடலுட் புகும் என்று அறுபதாண்டுகள் கருதப்பட்டு வந்தது. 1898-இல் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்னும் அறிஞர் ஆய்வு செய்துகொண்டிருந்தபோது, இளம்புழுக்கள் கலந்த நீர் தற்செயலாக அவர் கையில் சிந்தியது. தோல் சிவந்து எரிந்தது. பின்னர் அவர் உடலிலேயே புழு குடியேறியது. வெறுங்காலோடு ஈரமண்ணில் நடப்பவனின் தோலைத் துளைத்து இளம்புழு உட்புகுகின்றது என்னும் உண்மை இவ்வாறு வெளிப்பட்டது. கழிப்பறை இல்லாத லயன், வேலிப்புறத்து மண், காலணி இல்லாத கால் ஆகிய மூன்றும் சேர்ந்தால் புழுவுக்கு வேறு துணை வேண்டுவதில்லை.

1902-இல் அமெரிக்க அறிஞர் ஸ்டைல்ஸ் தம் நாட்டுத் தென்மாநிலங்களில் இப்புழுவின் மற்றோர் இனம் பரவியிருப்பதை உலகுக்கு அறிவித்தபோது, அங்குள்ள இதழ்கள் அதற்குச் 'சோம்பலின் கிருமி' என்று பெயர் சூட்டின. பெயரில் நகைப்பு இருந்தாலும் உண்மையும் இருந்தது. அதுவரை ஏழை உழவர்களைச் சோம்பேறிகள் என்று தூற்றியோர், அவர்கள் சோம்பேறிகள் அல்லர், நோயாளிகள் என்று உணரத் தலைப்பட்டனர். நம் தோட்டத் தொழிலாளரும் அதே பழியைச் சுமந்தவர்கள்தாம். பெரட்டில் பெயர் கூப்பிடும்போது எழுந்து வர இயலாதவனைச் 'சோம்பேறி' என்று ஏசிய கங்காணிக்கு, அவன் குடலில் நூற்றுக்கணக்கான வாய்கள் குருதி உறிஞ்சிக்கொண்டிருந்தமை தெரியாது. நம் மக்களைப் பற்றி எழுதப்பட்டுள்ள பழைய குறிப்புகளைப் படிக்கும் மாணவர், 'சுறுசுறுப்பற்றவர்' என்னும் சொல்லைக் காணும் இடத்திலெல்லாம் இதனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

பேதி மருந்தின் காலம்

ராக்ஃபெல்லர் அறநிறுவனம் கொக்கிப்புழு ஒழிப்பை உலகப் பணியாக மேற்கொண்டது. 1916-இல் இலங்கையின் மாத்தளை வட்டாரத் தோட்டங்களில் அதன் பணி தொடங்கிற்று. 1915 முதல் 1917 வரை டார்லிங் என்பார் தலைமையில் ஓர் ஆய்வுக்குழு கீழ்த்திசை நாடுகளில் ஆராய்ந்தது. டார்லிங், பார்பர், ஹேக்கர் ஆகிய மூவரும் மலாயா, ஜாவா, பிஜித் தீவுகள் பற்றி எழுதிய அறிக்கை 1920-இல் வெளிவந்தது. இவற்றுள் மலாயா, பிஜி ஆகிய இரண்டும் தமிழர் கூலிகளாகச் சென்று உழைத்த நாடுகள். தமிழனின் குருதி உலக மருத்துவ ஆய்வுக்குரிய பொருளானது இக்காலத்தில்தான்.

அன்றைய மருந்துகள் கடுமையானவை. 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தைமால் வந்தது. அதன்பின் கீனோபோடியம் எண்ணெயும், 1921-இல் கார்பன் டெட்ராகுளோரைடும், சில ஆண்டுகளில் டெட்ராகுளோரோ எத்திலீனும் வந்தன. இவற்றோடு பேதி உப்பும் கொடுக்கப்பட்டது. அளவு சற்றே மிகுந்தால் புழுவோடு மனிதனும் வருந்தினான். கல்லீரல் கெட்டு உயிரிழந்தோரும் உலகில் உண்டு. தோட்டத்து மருத்துவமனையில் டிரசர் கையில் குவளையோடு நின்றபோது மக்கள் அஞ்சி ஒதுங்கினர் எனில், அவ்வச்சத்தை அறியாமை என்று முற்றிலும் தள்ளிவிட முடியாது. நம் இல்லங்களில் விடுமுறை நாளின் விடியற்காலையில் ஊற்றப்பட்ட விளக்கெண்ணெய்க்கும் வேப்பங்கொழுந்துச் சாற்றுக்கும் இருந்த நம்பகம் அம்மருந்துகளுக்கு இல்லாது போனதில் வியப்பில்லை.

கேமரன் மலையின் குளிர் இவ்வகையில் ஓரளவு காவலாக இருந்தது எனலாம். கொக்கிப்புழுவின் முட்டை பொரித்து இளம்புழு செழிப்பதற்கு வெப்பமும் ஈரமும் ஒருங்கே வேண்டும். மலையின் குளிர்மண் அதற்கு உகந்ததன்று. ஆயினும் கீழ்நாட்டில் உடலுட் புகுந்த புழு, ஆள் மலையேறிய பின்னும் பல ஆண்டுகள் குடலிலேயே வாழவல்லது. மேலும், உருண்டைப்புழு, சாட்டைப்புழு ஆகியவற்றின் முட்டைகள் குளிரை எளிதில் தாங்கும். அழுக்குக் கையும் கழுவாத கீரையுமே அவற்றுக்குப் போதும்.

விடுதலைக்குப் பின் நிலை மெல்ல மாறிற்று. 1966-இல் தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரங்களை வகுத்த சட்டம் இயற்றப்பட்டது. 1990-இல் விரிவான புதுச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. 1974-இல் பள்ளி மாணவர்க்குக் குடற்புழு நீக்கும் தேசியத் திட்டம் தொடங்கப்பட்டு 1983 வரை நடைபெற்றது. 1970-களில் மெபெண்டசோல், பின்னர் அல்பெண்டசோல் ஆகிய மாத்திரைகள் வந்தபின், பட்டினியும் பேதியும் இன்றிப் புழுவை வெளியேற்றுவது எளிதாயிற்று. இரு தலைமுறை அஞ்சிய மருந்து மெல்லக்கூடிய இனிப்பு வில்லையானது.

பகாங்கின் பெயர்

குடலில் வாழாது, நிணநீர் நாளங்களில் வாழும் புழுவினமும் உண்டு. யானைக்கால் நோயை உண்டாக்குவது அதுவே. தஞ்சை, கும்பகோணம் வட்டாரங்கள் நெடுங்காலமாக இந்நோய்க்குப் பேர்போனவை. அங்கிருந்து கப்பலேறியோருள் சிலர் அதனையும் உடன்கொண்டு வந்திருத்தல் இயல்பே. கொசுவே இப்புழுவைப் பரப்புகின்றது என்பதற்கு அடிகோலியவர் பேட்ரிக் மேன்சன். அவர் சீன நாட்டின் அமோய் நகரில் 1877-இல் கொசுவின் உடலில் இப்புழு வளர்வதைக் கண்டார்.

மலாயாவில் காணப்பட்ட யானைக்கால் புழு தமிழகத்துப் புழுவினின்றும் வேறானது. அதனை 1927-இல் டச்சு அறிஞர் புருக் விளக்கி, மலாயின் பெயரையே அதற்கு இட்டார். கோலாலம்பூரில் 1900-இல் தோன்றிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்தோர் 1950-களில் இதனை ஆழ்ந்து ஆராய்ந்தனர். அவர்களுள் ஒருவரான எடிசன் என்பாரும், பக்லி என்பாரும் 1956-இல் நாயிடமும் பூனையிடமும் காணப்பட்ட ஒரு புதிய புழுவை விவரித்தனர். அதற்கு நம் மாநிலத்தின் பெயரே சூட்டப்பட்டது. 1960-இல் பக்லி, புருக்கின் நினைவாகப் 'புருகியா' என்னும் புதிய பேரினத்தை வகுத்தார். அன்று முதல் இப்புழு 'புருகியா பகாங்கி' என உலகெங்கும் வழங்குகின்றது. அதே ஆண்டில் யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டமும் நம் நாட்டில் தொடங்கிற்று.

இப்புழு தேயிலை மலைக்கு உரியதன்று. கீழே, வெப்பமண்டலக் காடுகளையும் ஊர்களையும் சார்ந்த விலங்குகளுக்கு உரியது. மனிதனுக்கும் அது தொற்றக்கூடும் என்பதை 1960-இலேயே ஆய்வாளர் காட்டினர். 2011-இல் கோலாலம்பூரின் புறநகர்ப் பகுதியொன்றில் மனிதரிடம் அது காணப்பட்டதாக அறிக்கை வெளிவந்தது. ஆனால் இதன் பெரும்புகழ் வேறொரு காரணத்தால் வந்தது. ஆய்வுக்கூடத்துச் சிறு விலங்குகளில் எளிதில் வளர்க்கத்தக்கதாதலின், யானைக்கால் நோய்க்கு மருந்து தேடுவோர் இப்புழுவையே பெரிதும் பயன்படுத்தலாயினர்.

சென்னையில் பயின்ற மேதை

மருந்தின் கதைக்கு வருவோம். பீமவரத்தில் 1895-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1923-இல் அமெரிக்கா சென்றவர் எல்லப்பிரகட சுப்பாராவ். அவர் லெடர்லி ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சித் துறையை நடத்திவந்த காலத்தில், 1947-இல், அங்கிருந்து டையெத்தில்கார்பமசின் என்னும் மருந்து வெளிவந்தது. யானைக்கால் நோய்க்கு இன்றளவும் அடிப்படை மருந்து அதுவே. மறு ஆண்டு, 1948-இல், அதே ஆய்வுக்கூடத்தில் முதியவரான டக்கர், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரினின்றும் ஆரியோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியைக் கண்டறிந்ததாக அறிவித்தார். அம்மருந்து டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் சுப்பாராவ் மறைந்தார்.

ஒன்று புழுவைக் கொல்லும் மருந்து; மற்றொன்று பாக்டீரியாவை அடக்கும் மருந்து. இரண்டும் ஒரே கூரையின்கீழ் பிறந்தும் ஒன்றற்கொன்று உறவில்லாதனவாகவே கருதப்பட்டன. புழு ஒரு விலங்கு. நுண்ணுயிர்க்கொல்லியோ பாக்டீரியாவின் புரத ஆக்கத்தைத் தடுப்பது. அது புழுவை என்ன செய்யும் என்றே மருத்துவ உலகம் எண்ணியிருந்தது. அவ்வெண்ணம் முற்றிலும் சரியன்று என்பது விளங்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று.

புழுவுக்குள் ஒரு குடித்தனம்

1924-இல் ஹெர்டிக், வோல்பாக் என்னும் இருவர் கொசுவின் உயிரணுக்களுக்குள் வாழும் ஒருவகைப் பாக்டீரியாவைக் கண்டனர். பின்னர் அதற்கு 'வோல்பாக்கியா' என்று பெயரிடப்பட்டது. 1975-இலும் 1977-இலும் மின்னணு நுண்ணோக்கி வழியே யானைக்கால் இனப் புழுக்களை ஆராய்ந்தவர்கள், அவற்றின் உடலுக்குள்ளும் பாக்டீரியா போன்ற சிற்றுருக்கள் இருப்பதைக் கண்டு எழுதினர். அச்செய்தி ஏடுகளில் உறங்கிற்று. கண்டதன் பொருளை உணர அன்று எவரும் இல்லை.

1993-இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர், டெட்ராசைக்ளின் கொடுக்கப்பட்ட சிறு விலங்குகளில் புழு வளர்ச்சி தடைப்படுவதைக் காட்டினர். அவர்கள் பயன்படுத்திய புழு எது? நம் மாநிலப் பெயர் தாங்கிய புருகியா பகாங்கியே! 1995-இல், நாயின் இதயப்புழுவினுள் இருக்கும் பாக்டீரியா வோல்பாக்கியா இனமே என்பது உறுதியாயிற்று. இரு கண்டுபிடிப்புகளையும் சேர்த்துப் பார்த்தபோது மறைபொருள் வெளியாயிற்று. அப்புழுக்கள் தனித்து வாழவில்லை. அவற்றின் உயிரணுக்களுக்குள் ஒரு பாக்டீரியா குடித்தனம் நடத்துகின்றது. தாய்ப்புழுவின் முட்டை வழியே அடுத்த தலைமுறைக்கும் செல்கின்றது. புழுவின் வளர்ச்சிக்கும் இனப்பெருக்கத்திற்கும் இன்றியமையாததாகவும் உள்ளது. குடியிருப்பவனை வெளியேற்றினால் வீடே இடிந்துவிடும் என்னும் நிலை.

அதன்பின் ஆய்வுகள் விரைந்தன. 1967 முதல் அமெரிக்காவில் வழக்கில் உள்ள டாக்சிசைக்ளின் என்னும் டெட்ராசைக்ளின் வகை மருந்தை மனிதருக்குக் கொடுத்துப் பார்த்தனர். ஹோராஃப் என்னும் ஜெர்மானிய மருத்துவரும் துணைவரும் கானா நாட்டில் ஆற்றுக்குருடு நோயாளிகளுக்கு ஆறு வாரம் அதனைக் கொடுத்தபோது, பெண்புழுக்கள் கருவளம் இழந்தமை 2000-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. 2005-இல் தான்சானியாவில் நடந்த ஆய்வு, எட்டு வார மருத்துவத்தால் யானைக்கால் நோயின் வளர்ந்த புழுக்களும் காலப்போக்கில் பெரும்பாலும் மடிகின்றன என்று காட்டியது. 2008-இல் நம் அண்டை நாடாகிய இந்தோனேசியாவில், மலாயின் பெயர் கொண்ட புழுவால் பாதிக்கப்பட்டோரிடமும் இம்மருந்து நற்பயன் தந்தது. அதுமட்டுமன்று, முன்னதாக டாக்சிசைக்ளின் உண்டவர்க்கு, பின்னர்ப் பழைய மருந்து கொடுக்கப்பட்டபோது காய்ச்சல் முதலிய துன்பங்களும் குறைந்தன. புழு மடியும்போது அதனுள்ளிருந்து சிதறும் பாக்டீரியாவே அத்துன்பங்களுக்குப் பெருங்காரணம் என்பதனால் இது விளங்கும்.

பழைய மருந்து குருதியில் உலவும் குஞ்சுப்புழுக்களை விரைந்து அழிக்கும். வளர்ந்த புழுக்களை முழுதும் அழிப்பதில்லை. நுண்ணுயிர்க்கொல்லியோ மெல்ல, மாதக்கணக்கில், தாய்ப்புழுவையே வீழ்த்தும். ஒரே கூரையின்கீழ் பிறந்த இரு மருந்துக் குலங்களும் இவ்வாறு ஒரே நோயின்முன் கைகோத்தன.

எல்லை அறிதல்

இவ்விடத்தில் ஆசிரியர்கள் மாணவர்க்குத் தெளிவாகக் கூற வேண்டிய ஒன்று உண்டு. நுண்ணுயிர்க்கொல்லி எல்லாப் புழுவுக்கும் மருந்தன்று. கொக்கிப்புழுவிலும் உருண்டைப்புழுவிலும் சாட்டைப்புழுவிலும் இவ்வாறு குடியிருக்கும் வோல்பாக்கியா இல்லை. எனவே குழந்தைக்கு வயிற்றுப் புழு என்று எண்ணி வீட்டில் எஞ்சிய நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையைக் கொடுத்தல் பயனற்றது; தீங்குமாகும். டாக்சிசைக்ளினைப் பொதுவாக எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மார்க்கும் இந்நோய்க்காகக் கொடுப்பதில்லை. நான்கு முதல் ஆறு வாரம் நாள்தோறும் உட்கொள்ள வேண்டியிருப்பதால், ஊர் முழுவதற்கும் ஒரே நாளில் வழங்கவும் இயலாது. வேண்டாத இடத்தில் இம்மருந்தைப் பயன்படுத்தினால், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் பெருகும். உண்மையான தேவை வரும் நாளில் மருந்து கைகொடாது. நோயையும் அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் ஆராய்ந்தே மருத்துவம் செய்தல் வேண்டும் என்று மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் காட்டிய நெறி, இப்புத்தம் புதிய மருத்துவத்திற்கும் அப்படியே பொருந்துகின்றது.

நமக்குரிய பாடம்

இலங்கை 2016-இல் யானைக்கால் நோயைப் பொதுநலச் சிக்கல் என்னும் நிலையினின்றும் ஒழித்த நாடு என உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஏற்பைப் பெற்றது. மருந்து மட்டும் இதனைச் செய்யவில்லை. குருதி ஆய்வு, கொசு ஒழிப்பு, மக்கள் ஒத்துழைப்பு ஆகிய அனைத்தும் சேர்ந்தே செய்தன. குடற்புழுவின் கதையும் அத்தகையதே. மருந்து புழுவை வெளியேற்றும்; கழிப்பறையும் காலணியும் தூய நீருமே அது மீண்டும் வாராது காக்கும்.

இன்று கேமரன் மலைத் தேயிலைச் சரிவுகளில் வங்காளதேசத்தாரும் நேபாளியரும் இந்தோனேசியரும் கொழுந்து பறிக்கின்றனர். தமிழ்க் குடும்பங்கள் பல நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. ஆயினும் அம்மலைக்கு நமக்கும் முன்னரே உரியவரான பழங்குடி மக்களின் குழந்தைகளிடையே குடற்புழு நோய் இன்னும் நீங்கவில்லை என்பதை நம் நாட்டுப் பல்கலைக்கழக ஆய்வுகள் மீண்டும் மீண்டும் உரைத்து வருகின்றன. நேற்று நம் பாட்டன் மீது சுமத்தப்பட்ட 'சோம்பேறி' என்னும் சொல்லை, இன்று அப்பழங்குடிச் சிறுவன் மீதோ அயல்நாட்டுத் தொழிலாளி மீதோ நாம் சுமத்துவோமாயின், வரலாற்றை நாம் படித்தும் பயனில்லை.

வகுப்பில் ஒரு குழந்தை சோர்ந்து அமர்ந்திருந்தால், ஏன் என்று கேட்பதே ஆசிரியரின் முதற்கடமை. அவ்வினாவைத் தோட்டத்தில் எவரும் கேளாமையால் ஒரு தலைமுறையே பழி சுமந்தது. மருத்துவ உலகில் ஒருவர் கேட்டார். தோலின் வழியே புழு புகும் வழி தெரிந்தது. மற்றொருவர் கேட்டார், புழுவுக்குள் குடியிருந்த பாக்டீரியா வெளிப்பட்டது. பகாங் என்னும் பெயர் அந்த ஆராய்ச்சி வரலாற்றில் என்றும் நிற்கும். அப்பெயரை நம் மாணவர் பூகோளப் பாடத்தில் மட்டுமன்றி அறிவியல் பாடத்திலும் அறிந்து, காரணம் தேடும் வழக்கத்தைக் கைக்கொள்வாராக.